மூக்கில் அலர்ஜி... நெஞ்சில் வம்பு!

'காலையில கண்ணு முழிச்சதும் அடுக்கடுக்கா தும்மல். மூக்கு தண்ணியா ஒழுகுது. வெயில் ஏறினா சரியாயிடுது. இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போகணுமா?' என்கிறீர்களா? வாரக்கணக்கில் இது நீடித்தால் போகத்தான் வேண்டும். காரணம், மூக்கு மட்டுமல்ல, நுரையீரல்!

இரண்டும் ஒரே பாதை

நீங்கள் இழுக்கும் காற்றிலுள்ள தூசியை வடிகட்டி, சூடாக்கி, ஈரப்படுத்தி உள்ளே அனுப்புவது மூக்கின் வேலை. அலர்ஜியால் மூக்கின் சவ்வு வீங்கி அடைத்துக்கொண்டால் வாயால் மூச்சு விடுவீர்கள். வடிகட்டாத, வறண்ட காற்று நேராக நெஞ்சுக்குப் போகும். ராத்திரி படுத்தால், மூக்குச் சளி தொண்டையின் பின்புறம் இறங்கி இருமலைக் கிளப்பும்.

ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு அலர்ஜியும் உண்டு. மூக்கு அலர்ஜிக்காரர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். அதனால்தான், 1999-ல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து கூடிய நிபுணர்கள், மூக்கு அலர்ஜி நீடித்தால் ஆஸ்துமா இருக்கிறதா என்றும் பாருங்கள் என்றார்கள்.

அலர்ஜியா, தொற்றா?

அலர்ஜியே நேரடியாக நிமோனியாவை உண்டாக்காது. ஆனால் அலர்ஜி உள்ளவருக்குச் சாதாரண ஜலதோஷக் கிருமி வந்தாலும் இளைப்பு, இருமல் என்று பெரிதாகிவிடலாம்.

மூக்கு, கண் அரிப்பு, தொடர் தும்மல், தண்ணீர் போன்ற சளி, காய்ச்சல் இல்லை - இது அலர்ஜி. இதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் நுரையீரல் தொற்றா என்று பார்க்க வேண்டும். சளி மஞ்சளாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இருமுகிற குழந்தை அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 - இந்த அளவோ அதற்கு மேலோ போனால், மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே குழிந்தால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காத்திருக்க வேண்டாம்!

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? 'அலர்ஜிதான்' என்று நீங்களே முடிவு செய்யாமல் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* படுக்கை விரிப்பு, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். தூசிப்பூச்சிகள் குடியிருப்பது அங்கேதான்.

* கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை, சிகரெட் - நான்கையும் படுக்கையறைக்கு வெளியே நிறுத்துங்கள்.

* கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை 5 நாளுக்கு மேல் விடாதீர்கள். பிறகு அதுவே அடைப்பை உண்டாக்கும்.

* டாக்டர் தரும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலது கையால் இடது மூக்கிலும், இடது கையால் வலது மூக்கிலும் அடியுங்கள்; நடுத்தண்டில் படாது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். 'கேட்கலையே' என்று ரெண்டே நாளில் தூக்கிப் போடாதீர்கள்.

* ஆஸ்துமா இருந்தால், மூக்கு சரியானதும் இன்ஹேலரை நீங்களாக நிறுத்தக் கூடாது.

மூக்கைக் கவனியுங்கள், நெஞ்சு நிம்மதியாக இருக்கும்.