நிழல் மரத்தை வெட்டாதே!



சென்ற பருவத்தில், புராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, குரங்கணியில் எங்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் மடிக்கணினியை நானே கெடுத்தேன். அதில் இருந்தது உபுண்டு. "பைத்தானில் ரெண்டு பதிப்பு எதுக்கு?" என்று நினைத்து, 'சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' என்று அடித்தேன். நீளமாக ஒரு பட்டியல் ஓடியது. படிக்காமலே 'ஒய்' தட்டினேன். மறுபடி ஆன் செய்தால் ஐகானும் இல்லை, மெனுவும் இல்லை. கறுப்புத் திரையில் லாகின் மட்டும் கேட்டது.

ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போகும் என் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நெழல் மரத்த வெட்டிப்புட்டு, அடியில ஏலச்செடி நிக்கணும்னா எப்படிடா நிக்கும்?" என்றார். அதுதான் இந்தப் பாடத்தின் சாரம்.

பேக்கேஜ் என்பது என்ன?

ஒரு மென்பொருள், அதன் கோப்புகள் எங்கெங்கே போக வேண்டும் என்ற விவரம், அது நிற்க வேறு எவையெல்லாம் தேவை என்ற குறிப்பு - மூன்றும் சேர்ந்த பொட்டலமே பேக்கேஜ். இந்தத் தேவைக்குப் பெயர் டிபெண்டன்சி. 1993-ல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனில் பொட்டலத்தைப் பிரித்து வைப்பது 'டிபிகேஜி'. ஆனால் குறைகிற பொட்டலத்தை அது தேடிக் கொண்டுவராது. 1999-ல் டெபியன் 2.1-உடன் வந்த 'ஆப்ட்' அந்த வேலையையும் செய்தது. 2004-ல் வந்த உபுண்டுவும், நம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்தவையே. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸும் இருந்தது. ஆகவே ஒன்றைக் கற்றால் மூன்றிலும் கைகொடுக்கும்.

தெரிய வேண்டிய கட்டளைகள்
(ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்கவும். கணினியை மாற்றும் கட்டளைக்கு முன்னால் 'சூடோ' வேண்டும்.)

1. ஆப்ட் அப்டேட்: பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். எதையும் நிறுவாது.
2. ஆப்ட் அப்கிரேடு: நிறுவியவற்றைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும்.
3. ஆப்ட் இன்ஸ்டால்: பேக்கேஜையும் அதன் தேவைகளையும் சேர்த்து நிறுவும்.
4. ஆப்ட் ரிமூவ்: நீக்கும், அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும்.
5. ஆப்ட் பர்ஜ்: அமைப்புக் கோப்புகளையும் சேர்த்து நீக்கும்.
6. ஆப்ட் ஆட்டோரிமூவ்: துணைக்கு வந்து, இப்போது யாருக்கும் தேவைப்படாதவற்றை நீக்கும்.

ரிமூவுக்குப் பின்னால் ஒரு ஹைஃபனும் 'எஸ்'ஸும் சேர்த்தால் அது வெறும் ஒத்திகை. எது எது போகும் என்று காட்டும், எதையும் தொடாது. நான் இதைச் செய்திருந்தால் அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மீண்ட கதை

கறுப்புத் திரையிலேயே லாகின் செய்தேன். 'வர்' அடைவுக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்'; அங்கே 'ஹிஸ்டரி.லாக்' என்ற கோப்பு. எந்த நேரத்தில் எந்தக் கட்டளை, எதெல்லாம் போனது என்று அத்தனையும் எழுதியிருந்தது. 'உபுண்டு-டெஸ்க்டாப்' என்ற பெயரும் அதில் இருந்தது! பைத்தானை நம்பி நின்ற பேக்கேஜுகளும் அதோடு சாய்ந்திருக்கின்றன.

எங்க ஊரில் சிக்னல் சரியில்லை. காலை முதல் பஸ்ஸில் போடிக்கு வந்து, நண்பன் வீட்டில் செல்போனைக் கேபிளில் இணைத்து, முதலில் அப்டேட். பிறகு பைத்தான்3, உபுண்டு-டெஸ்க்டாப் இரண்டையும் இன்ஸ்டால் செய்தேன். திரை திரும்பி வந்தது. ஹோம் அடைவை ஆப்ட் தொடாததால் புராஜெக்ட் கோப்புகள் பத்திரமாக இருந்தன. ரிவ்யூவில் கடைசி ஆளாகப் போய் நின்றேன், ஆனாலும் நின்றேன்!

தோழர்களே, கட்டளை வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். செய்யப்போவதை அது முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் 'ஒய்'யா 'என்'னா என்று கேட்கிறது. படித்துப் பார்க்க வேண்டியது நாம்தான். படித்துத் தட்டுவோம், வெல்வோம்!

- மூன்றாமாண்டு மாணவன், கணிப்பொறித் துறை