குளிர்சாதனம் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம்?

லண்டனில் குடியேறிய தமிழர் மார்கழி, தை மாதங்களில், வெந்நீர்க் குழாய்களின் வழியே வீடு முழுவதற்கும் உஷ்ணமூட்டும் ஹீட்டரைக் காலையில் எத்தனை நாழி, மாலையில் எத்தனை நாழி ஓட்டுவது என்று கணக்குப் பார்ப்பதும், சத்தியவேட்டுக் கிருகஸ்தர் சித்திரை, வைகாசியில் தம் படுக்கையறை ஏசியை இரவில் எத்தனை மணிக்குப் போட்டு எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று ஆலோசிப்பதும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள். அங்கே வெளியிலிருக்கும் குளிரோடு போராட்டம். இங்கே வெயிலோடு போராட்டம். இரண்டிடத்திலும் மாத முடிவில் வருவது மின்சாரத்துக்கோ எரிவாயுவுக்கோ உரிய பில்தான்.

1960 ஏப்ரல் வரை சென்னை இராஜ்யத்தின் செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்து, எல்லை மாற்றத்தினால் ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவிற்குப் போய், 2022 முதல் திருப்பதி ஜில்லாவைச் சேர்ந்துவிட்ட சத்தியவேட்டிற்கு இவ்விஷயத்தில் ஒரு விசேஷமும் உண்டு. ஊரை ஒட்டியுள்ள ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் டைகின், புளூ ஸ்டார், லாயிட் முதலிய பெயர்களில் குளிர்சாதனங்கள் உற்பத்தியாகின்றன. சாதனம் பக்கத்திலேயே உற்பத்தியாகிறது என்பதனால் அதனை உபயோகிக்கும் முறையும் தானே வந்துவிடும் என்று எண்ணுவதற்கில்லை. பக்கத்து வீட்டார் பத்து மணி நேரம் ஓட்டுகிறார் என்பது நமக்கு ஒரு பிரமாணம் ஆகாது. அவர் வீட்டுக் கூரை வேறு, நம் வீட்டுக் கூரை வேறு. நம் அறை, நம் சாதனம், நம் மீட்டர் ஆகிய மூன்றையும் விசாரித்து நமக்குரிய மணிக்கணக்கை நாமே நிர்ணயித்துக்கொள்ளும் மார்க்கத்தைப் படிப்படியாகக் கீழே காணலாம்.

1. வேளைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

முதலில் ஒரு காகிதத்தில், குளிரூட்டப்படவிருக்கும் அறையில் யார் யார் எந்தெந்த வேளையில் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். இரவு உறக்கம் ஒரு வேளை. பகல் ஒரு மணி முதல் நான்கு மணி வரை வீட்டிலிருக்கும் முதியோர், கைக்குழந்தை, நோயாளி ஆகியோரின் தேவை மற்றொரு வேளை. ஸ்ரீ சிட்டி ஆலைகளில் இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் உறங்குகிறவர்களுக்கு அதுவே பிரதான வேளை. இவை தவிர, ஆளில்லாத அறையில் ஓடும் நேரமும், சமையலறைக்கும் கூடத்திற்கும் போய்வரக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் நேரமும் வியர்த்தமானவை. பெரும்பாலான குடும்பங்களில் இந்தக் காகிதத்தை எழுதி முடித்தவுடனேயே உண்மையான தேவை ஆறிலிருந்து எட்டு மணி நேரத்திற்குள் அடங்கிவிடுவதைக் காணலாம்.

2. கூரையின் உஷ்ணத்தை முதலில் தணியுங்கள்

பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், சூரியன் மறைந்த பிறகும் நள்ளிரவு வரையில் அவ்வெப்பத்தை அறைக்குள் உமிழ்ந்துகொண்டே இருக்கிறது. மாடிக்கு நேர்கீழே உள்ள அறையில் ஏசி போட்டு இரண்டு மணி நேரமாகியும் குளிர்ச்சி தெரியவில்லை என்றால், சாதனத்தைக் குறை சொல்வதற்கு முன்னர் மொட்டை மாடியைப் போய்ப் பார்க்க வேண்டும். தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி எறியும் வெண்ணிறப் பூச்சோ இரண்டு கை பூசுவதும், மேற்குச் சுவருக்கு வெளியே கீற்றோ நிழல்வலையோ கட்டுவதும், ஜன்னலுக்குத் தடித்த திரையிடுவதும், கதவின் அடியிடுக்கை அடைப்பதும் சொற்பச் செலவில் ஆகக்கூடியவை. பக்கத்து மாநிலமான தெலங்கானா 2023ஆம் ஆண்டில் வெண்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வகுத்து வெளியிட்டிருப்பது இவ்வுபாயத்தின் பெறுமானத்தைக் காட்டும். பங்குனி பிறப்பதற்குள் இவ்வேலையை முடித்துவிடுவது உத்தமம்.

3. நட்சத்திரச் சீட்டைப் படியுங்கள்

சாதனத்தின்மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரச் சீட்டில், வருஷத்திற்கு இத்தனை யூனிட் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். பலர் நட்சத்திரங்களை எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் பிரயோஜனமானது அந்த எண்தான். பி.இ.இ. என்று வழங்கும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம், வருஷத்தில் 1600 மணி நேரம் சாதனம் ஓடுவதாக வைத்துக்கொண்டே அவ்வெண்ணைக் கணிக்கிறது. ஆகவே அதனை 1600ஆல் வகுத்தால் மணிக்குச் சராசரியாக எத்தனை யூனிட் என்பது கிடைத்துவிடும். சீட்டில் 800 என்றிருந்தால் மணிக்கு அரை யூனிட். 1100 என்றிருந்தால் ஏறத்தாழ 0.7 யூனிட்.

நாளைக்கு எட்டு மணி நேரம் வீதம் இருநூறு நாள் ஓட்டினால் 1600 மணி ஆகிறது என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். பங்குனி முதல் புரட்டாசி வரை புழுக்கம் நீடிக்கும் நம் பக்கத்துக் குடும்பத்திற்கு இது பொருத்தமான அளவுகோலே. இதற்கு மிகுதியாக ஓடுகிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அக்காரணம் நமக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

4. கட்டணப் படிகளைக் கணக்கிடுங்கள்

மின்சாரக் கட்டணம் ஏணிபோல் படிப்படியாக ஏறுவதனால், மணி நேரம் இரட்டித்தால் செலவும் இரட்டிக்கும் என்று நினைப்பது பிசகு. 2022-23இல் ஆந்திர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கு வகுத்த விகிதத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: மாதத்தில் முதல் 30 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு ரூ.1.90, 75 வரை ரூ.3, 125 வரை ரூ.4.50, 225 வரை ரூ.6; 400 வரை ரூ.8.75, அதற்கு மேல் ரூ.9.75. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். ஆந்திரத்தில் மாதந்தோறும் பில் வருகிறது. ஊத்துக்கோட்டைப் பக்கத்து உறவினர் பில்லோடு நம் பில்லை ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடலாகாது.

ஏசி இல்லாமலே மாதம் 100 யூனிட் செலவாகும் வீடு ஒன்றில், மணிக்கு அரை யூனிட் எடுக்கும் சாதனத்தை நாளைக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் மாதத்திற்கு 120 யூனிட் கூடுகிறது. மேற்படி விகிதப்படி அதற்கு ரூ.682.50 ஆகும். அதே சாதனத்தைப் பதினாறு மணி நேரம் ஓட்டினால் 240 யூனிட் கூடி, அதற்கு ரூ.1,718.75 ஆகிவிடுகிறது. மணி நேரம் இரண்டு மடங்கு. செலவோ இரண்டரை மடங்கு. நிலைக் கட்டணமும் வரியும் இதற்குப் புறம்பானவை. உங்கள் கையிலுள்ள அண்மைய பில்லின் விகிதத்தைக் கொண்டு இக்கணக்கை நீங்களே ஒரு தரம் போட்டுப் பாருங்கள். பில் எந்த எண்ணில் அடுத்த படிக்குத் தாவுகிறது என்பது விளங்கிவிட்டால், மாதக் கடைசியில் எத்தனை மணி நேரத்தைக் குறைக்கலாம் என்பதும் விளங்கும்.

5. எண்ணை உயர்த்தி மின்விசிறியைத் துணைக்கு வையுங்கள்

மணி நேரத்தைக் குறைப்பதற்கு நிகரான பலன், ரிமோட்டிலுள்ள எண்ணை உயர்த்துவதிலும் உண்டு. ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது பி.இ.இ.யின் கணிப்பு. 2020 ஜனவரி 1 முதல் விற்பனையாகும் சாதனங்கள் யாவும் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று விதி செய்திருப்பதும் இக்காரணம் பற்றியே. 18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது வெறும் நம்பிக்கை. அறையைக் குளிர்விக்கும் வேகம் சாதனத்தின் டன் அளவைப் பொறுத்தது, ரிமோட்டின் எண் எங்கே ஓய்வது என்பதை மாத்திரமே அதற்குச் சொல்கிறது.

26 அல்லது 27 டிகிரியில் வைத்து, சீலிங் ஃபேனை மிதமாகச் சுழலவிடுங்கள். காற்று உடம்பில் படுவதனால் இரண்டு மூன்று டிகிரி குறைந்தாற்போன்ற சுகம் உண்டாகும். அதற்குச் சாதாரண விசிறி எடுத்துக்கொள்வது சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. விசிறியானால் அதில் பாதிக்கும் குறைவு. உறங்கும் வேளையில் எண்ணைத் தானே சிறிது சிறிதாக உயர்த்தும் ‘ஸ்லீப்’ பொத்தான் உங்கள் ரிமோட்டில் இருந்தால் அதனையும் உபயோகிக்கலாம்.

6. டைமர் வைத்து நேரத்தை வகுத்துவிடுங்கள்

நாள் முழுவதும் மெல்ல ஓடவிடுவது, நிறுத்தி நிறுத்திப் போடுவதைவிடச் சிக்கனம் என்று ஒரு வாதம் உண்டு. குளிர்நாட்டில் ஹீட்டரைப் பற்றியும் இதே வாதத்தைக் கேட்கலாம். பௌதிக சாஸ்திரப்படி, உள்ளுக்கும் வெளிக்கும் வெப்ப வித்தியாசம் இருக்கும் காலம் வரையில்தான் சுவரின் வழியே உஷ்ணம் உட்புகுகிறது. ஆளில்லாத அறையைப் பல மணி நேரம் குளிர்ச்சியாக வைத்திருப்பது அந்த வரவை அநாவசியமாக வளர்ப்பதேயாகும். ஆகவே ஓரிரு மணி நேரத்திற்கு மேல் அறை காலியாக இருக்குமானால் நிறுத்திவிடுவதே லாபம். ஆனால் படுக்கையிலிருந்தபடியே கால்மணிக்கொரு தரம் போடுவதும் அணைப்பதுமாக இருப்பது கம்ப்ரஸருக்கும் கேடு, உறக்கத்திற்கும் கேடு. இன்வெர்ட்டர் வகைச் சாதனம், அறை குளிர்ந்த பின் தானே வேகத்தைத் தணித்துக்கொள்ளும். அதனைத் தன் போக்கில் விட்டுவிட வேண்டும்.

நம் ஊருக்கு ஏற்ற ஒரு கால அட்டவணையைக் கீழ்க்கண்டவாறு வகுக்கலாம்.

பங்குனி முதல் வைகாசி வரை, அக்கினி நட்சத்திர காலம் உட்பட: இரவு 9.30க்குப் போட்டு, விடியற்காலை 5 மணிக்குத் தானே நிற்குமாறு டைமர். முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில் பகல் 1 முதல் 4 வரை கூடுதலாக.

ஆனி முதல் புரட்டாசி வரை: இரவு 10 முதல் 3 மணி வரை, பின்னர் மின்விசிறி.

ஐப்பசி, கார்த்திகை: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெப்பத்தைவிட ஈரமே தொல்லை கொடுப்பதனால், ‘டிரை’ முறையில் ஓரிரு மணி நேரம் போதுமானது.

மார்கழி, தை, மாசி: பூரண ஓய்வு.

வெளிக்காற்று மிகவும் குளிர்ந்திருப்பது விடியற்காலையில்தான். ஆகையால் வைகறையில் ஜன்னல்களைத் திறந்துவிட்டால் அறைக்குள் நல்ல காற்று வரும். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. ஆதலால் நாள்தோறும் ஒரு வேளையாவது ஜன்னலைத் திறப்பது ஆரோக்கியத்திற்கு அவசியம்.

7. மீட்டரைச் சாட்சியாக வையுங்கள்

சீட்டிலிருந்து எடுத்தது சராசரிக் கணக்கு. உங்கள் அறைக்கு அது பொருந்துகிறதா என்பதை மீட்டர் சொல்லும். ஒரு நாள் இரவு படுக்கும்போதும் காலையில் எழுந்தவுடனும் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் இரவு ஏசி போடாமல் அதே இரு நேரங்களில் குறியுங்கள். இரண்டிரவின் செலவுக்கும் உள்ள வித்தியாசமே சாதனம் எடுத்துக்கொண்டது. ஃபிரிட்ஜும் விசிறியும் இரண்டிரவும் பொதுவாகையால் அவை கழிந்துவிடும். அதனை ஏசி ஓடிய மணிகளால் வகுத்து வந்த விடை சீட்டுக் கணக்கைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால், கூரை, கதவிடுக்கு, ஃபில்டர், காஸ் ஆகிய நான்கையும் இந்த வரிசையிலேயே பரிசோதிக்க வேண்டும்.

8. பராமரிப்பை மறவாதீர்கள்

உபயோகம் மிகுந்த மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். வெளி யூனிட்டின்மேல் துணி போர்த்துவதும், அதன் எதிரே சாமான்களை அடுக்குவதும் கூடாது. அது வெளியேற்ற வேண்டிய உஷ்ணத்திற்கு வழி இருக்க வேண்டும். வேனிலுக்கு முன் ஒரு முறை சர்வீஸ் செய்விப்பது போதுமானது. கரண்ட் போய் வந்தால் உடனே போடாமல் மூன்று நிமிஷமாவது தாமதிக்க வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவானால் ஸ்டெபிலைசர் இன்றியமையாதது. ஏசிக்குத் தனி வயரும் தனி எம்.சி.பி.யும் எர்த்தும் இருக்க வேண்டும் என்பதையும், புதிதாக ஏசி வாங்குகிறவர்கள் தங்கள் இணைப்பில் அனுமதிக்கப்பட்ட லோடு போதுமா என்று மின்வாரிய அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் எலக்ட்ரீஷியன் சொல்லும்வரை காத்திராமல் நாமே கவனிக்க வேண்டும்.

சிக்கனம் பொருந்தாத நாட்கள்

மேலே சொன்ன கணக்குகள் யாவும் சாதாரண நாட்களுக்குரியவை. அனல்காற்று எச்சரிக்கை வந்த நாட்களில், வயோதிகர், கர்ப்பிணிகள், சிசுக்கள், இருதய நோயாளிகள் உள்ள வீட்டில் பில்லைப் பார்த்து ஏசியை நிறுத்துவது விவேகமாகாது. வெயிலின் தாக்குதலால் ஒருவர் மயங்கி, உடம்பு தீயாய்க் கொதித்து, பேச்சுக் குழறினால், குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்து, உடம்பை நீரால் நனைத்து விசிறியபடியே 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும். நினைவில்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றலாகாது.

ஆக, ‘எத்தனை மணி நேரம்?’ என்ற வினாவிற்கு நம் ஊர்ச் சராசரிக் குடும்பத்திற்குரிய விடை இதுவே: கோடையில் இரவு ஏழு அல்லது எட்டு மணி நேரம், 26 டிகிரிக்குக் குறையாமல், மின்விசிறியின் துணையோடு, மழைக்காலத்தில் அதில் பாதிக்கும் குறைவு, பனிக்காலத்தில் ஒன்றுமில்லை. இதற்கு மேல் தேவைப்படும் வீட்டார், வேறு பெரிய சாதனம் வாங்கப் புறப்படுவதற்கு முன், மாடிக்கு ஒரு தரம் சுண்ணாம்பு அடித்துவிட்டு மீட்டரைப் பார்க்கட்டும்.