ஜேசிபி வருவதற்கு முன்

பழைய பட்டறையோ தோல் ஷெட்டோ பெட்ரோல் பங்க்கோ இருந்த மனையில் கட்டடம் எழுப்பும் வேலை உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? அஸ்திவாரத்துக்குத் தோண்டும் மண் எங்கே போகும் என்பதற்கு டெண்டர் போடும் முன்பே பதில் வேண்டும். டிப்பர் வந்து நின்ற பிறகு யோசித்தால் வேலை நிற்கும், வண்டி வாடகை மட்டும் ஓடும்.

முதலில் காகிதம்

வில்லங்கச் சான்றிதழ் நிலம் யார் யார் கைக்கு மாறியது என்று சொல்லும். அங்கே என்ன நடந்தது என்று சொல்லாது. பழைய செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கோப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தெருவில் நெடுநாள் குடியிருப்பவர்களிடம் மூன்று கேள்வி: மெஷின் எங்கே இருந்தது? கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடியது? குழியை எதைக் கொட்டி மூடினார்கள்?

அமெரிக்காவின் லவ் கெனாலில் ரசாயனக் கழிவு புதைத்த நிலத்தை 1953ல் பள்ளிக்காக ஒரு டாலருக்கு வாங்கினார்கள். கழிவு இருப்பது பத்திரத்திலேயே இருந்தது. அப்படியும் பள்ளி எழும்பியது. 1978ல் அதை மூடி, சுற்றியிருந்த குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

கண்ணை மட்டும் நம்பாதீர்கள்

ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசிந்தது, பார்த்தாலே தெரிந்தது. 2001ல் மூடிய கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணில் கலந்த பாதரசமோ கண்ணுக்கும் மூக்குக்கும் சிக்காது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

சாம்பிள் எடுக்கும்போது

- தாங்குதிறன் சோதனைக்குப் போர் போடும் நாளிலேயே மாசுச் சோதனைக்கான சாம்பிளையும் எடுத்தால் செலவு குறையும். ஒவ்வொரு குழிக்கும் கருவியைக் கழுவுங்கள்.
- சந்தேகப்பட்ட இடத்து மண்ணை மற்றதோடு கலக்காதீர்கள். கலந்தால் நஞ்சு சராசரியில் ஒளிந்துகொள்ளும்.
- பெட்ரோல், டீசல் சந்தேகமா? கண்ணாடிப் புட்டியை விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள்.
- ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருந்தால் போதாது. நீங்கள் கேட்கும் சோதனை அந்த அங்கீகாரத்தில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

இரண்டு சோதனை, இரண்டு கேள்வி

மண்ணில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்ற சோதனை, அங்கே மனிதர் வாழலாமா என்று தீர்மானிக்க உதவும். டி.சி.எல்.பி. என்ற கசிவுச் சோதனை, தோண்டிய மண் எந்த வகைக் கழிவு என்று காட்டும். 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் கசிவுநீருக்கான வரம்பு லிட்டருக்கு ஈயம் 5 மில்லிகிராம், குரோமியம் 5, பாதரசம் 0.2. தாண்டினால் அது அபாயகரக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற உரிமம் பெற்ற மையத்துக்கு, படிவம் 10 ஆவணத்தோடுதான் போக வேண்டும்.

இளம் பொறியாளர்கள் வழுக்குவது இங்கேதான். கசிவு வரம்புக்குள் இருக்கிறது என்றால் மண் சுத்தம் என்று பொருளல்ல. குழந்தைகள் விளையாடும் தோட்டத்துக்கு அதை நிரப்பக் கொடுத்துவிடாதீர்கள்.

குவியலைப் பிரியுங்கள்

நல்ல மண், சந்தேக மண், இடிபாடு மூன்றும் தனித்தனியே. சந்தேக மண்ணுக்கு அடியில் ஷீட், மேலே தார்ப்பாய். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை உடைக்காமல், நனைத்து இறக்கி, தனியே கட்டி வையுங்கள். நல்ல மண்ணைக் கலந்து அளவைக் குறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். பத்து லோடு கழிவு நூறு லோடாகும், அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

மாசுபட்ட மண்ணை அகற்ற டன்னுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியலில் தனி வரி சேர்க்கச் சொல்லுங்கள். அது இல்லாத வேலையில்தான் இரவோடு இரவாக ஏரிக்கரையில் லோடு இறங்குகிறது. மாசுபட்ட இடங்களுக்கென்று 2025ல் மத்திய அரசு தனி விதிகளே கொண்டுவந்துவிட்டது. அவற்றின்படி மாசுக்குப் பொறுப்பானவர்தான் செலவைச் சுமக்க வேண்டும். சாம்பிள் எடுத்த இடத்தின் வரைபடம், தேதி, ஆய்வக அறிக்கை, லோடு போன ரசீது ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். நாளை கேள்வி வந்தால் உங்கள் கையெழுத்துக்குத் துணை நிற்பது அந்தக் கோப்புதான்.