மூதாட்டியர் எலும்பைக் காப்போம்

கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்துள்ள திருமழபாடி, அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தைச் சேர்ந்த பழம்பெரும் தலமாகும். வைத்தியநாதர் என்னும் திருப்பெயருடன் இறைவன் எழுந்தருளியுள்ள அவ்வூரில், பங்குனித் திங்களில் நடைபெறும் நந்தியெம்பெருமான் திருமணத்தைக் காணச் சுற்றுப்புறத்து மக்கள் திரளாக வருவர். அக்கூட்டத்தில் முதுகு வளைந்து, கோலூன்றி, நிலம் நோக்கி நடக்கும் மூதாட்டியரும் உண்டு. “வயதாயிற்று, கூன் விழுந்தது” என்று கூறி நாம் அதனை இயற்கை என விட்டுவிடுகிறோம். ஆனால் அக்கூன் எல்லாம் முதுமையின் இயல்பன்று. பலரிடத்து அது முதுகெலும்பு வலுவிழந்து நசுங்கியதன் அடையாளமாகும். இந்நோயைப் பெரிதும் தடுக்க முடியும் என்பதாலேயே ஊராட்சி அங்கத்தினர்களும் உழவர் பெருமக்களும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

நோயின் இயல்பு

இதற்கு எலும்புப்புரை என்று பெயர். மூட்டு தேய்ந்து வலி எடுக்கும் ‘எலும்புத் தேய்மானம்’ வேறு, இது வேறு. மூட்டுத் தேய்மானம் வலியால் தன்னை அறிவிக்கும். எலும்புப்புரையோ, கரையான் அரித்த உத்தரம் போல, முறியும் நாள் வரை யாதொரு குறியும் காட்டாதிருக்கலாம்.

எலும்பு உயிருள்ள பொருள். அதன் ஒரு பகுதி நாள்தோறும் கரைவதும், புதியது படிவதும் வாழ்நாள் முழுவதும் நடைபெறும். ஏறத்தாழ 30 வயது வரை படிதல் மிகுதி. பின்னர்க் கரைதல் மெல்ல மேலோங்கும். பெண்களின் எலும்பைக் காத்து நிற்பது ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு நீர். மாதவிடாய் நின்றதும் இது குறைந்துவிடுவதால், அதனை அடுத்த சில ஆண்டுகளில் எலும்பு விரைந்து கரைகிறது. கருப்பையுடன் சினைப்பைகளையும் இளவயதிலேயே அறுவை செய்து நீக்கிக்கொண்டவர்களுக்கு இந்நிலை முன்னதாகவே வந்துவிடும். ஆகவே தேவையின்றி அவ்வறுவைக்கு உடன்படலாகாது.

நம் நாட்டு ஆய்வுகள் கூறுவன

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், மாதவிடாய் நின்ற 150 பெண்களை ஆராய்ந்து 2008-ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். அப்பெண்கள் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். எனினும் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எலும்புப்புரை இருந்தது. திருப்பதியில் நடைபெற்று 2007-இல் வெளிவந்த ஆய்வில், நகரத்தாரைவிடக் கிராமத்தார் உணவில் சுண்ணாம்புச்சத்து குறைவு எனவும், வெயிலில் உழைப்போரிடத்தும் வைட்டமின் டி குறைபாடு உண்டு எனவும் தெரியவந்தது. ஐதராபாத்தில் வருவாய் குறைந்த குடும்பப் பெண்களை ஆராய்ந்தபோது, அவர்கள் நாளொன்றுக்கு உண்ட சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த அளவு. தேவையில் நான்கில் ஒரு பங்கே கிடைக்குமாயின் எலும்பு எங்ஙனம் நிலைக்கும்? சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டு ஆலைகளுக்கும் பெயர் பெற்ற நம் மாவட்டத்தார் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

உணவு

இதற்கு விலையுயர்ந்த உணவு வேண்டுவதில்லை. 75 கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 260 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. 50 கிராம் முருங்கைக்கீரை 150, இருபது கிராம் எள் 240, பாலும் மோருக்கான தயிருமாக 300 மில்லிலிட்டர் 350 மில்லிகிராம் அளிக்கும். இவை நான்கும் சேர்ந்து 1000 ஆகிறது. சோறு, பருப்பு, பிற காய்கறிகளால் மீதியும் பெரும்பாலும் நிறைந்துவிடும். அகத்திக்கீரையும், முள்ளோடு மென்று உண்ணத்தக்க சிறுமீன்களும் சிறந்தவை. பருப்பு, முட்டை முதலிய புரத உணவும் வேண்டும். எலும்பின் கட்டுமானத்திற்குப் புரதமும் ஒரு தூணாகும்.

கேழ்வரகும் எள்ளும் நம் வயலில் விளைவன. முருங்கை கொல்லையில் நிற்பது. பால் நம் மாட்டில் கறப்பது. ஆயினும் கறந்த பாலைச் சங்கத்திற்கு ஊற்றிவிட்டு, காப்பிக்கு மட்டும் சிறிது நிறுத்திக்கொள்ளும் வீடுகளே மிகுதி. குடும்பத்தார் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்பவள் வீட்டுத் தலைவி. பாட்டிக்கோ கஞ்சியே போதும் என்னும் எண்ணம் வேறு. மாட்டுக்குப் பிண்ணாக்கும் தவிடும் அளந்து வைக்கும் உழவர், அம்மாட்டைப் பேணும் தாய்க்கு ஒரு குவளைப் பால் ஒதுக்குவது பெருஞ்செலவன்று.

வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பே போதும் என்று கருதுதல் தவறு. அதனுடன் சேரும் புகையிலை எலும்புக்கும் உயிருக்கும் பகை. மூட்டு வலிக்கென்று பெயர் தெரியாத மாத்திரைகளையும் பொடிகளையும் நெடுநாள் உட்கொள்வதும் தீது. அவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்குமாயின் எலும்பு விரைந்து வலுவிழக்கும்.

வெயிலும் உழைப்பும்

உண்ட சுண்ணாம்புச்சத்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதனை வெயில் தோலில் உண்டாக்குகிறது. இளவெயிலே இதற்கு ஏற்றது என்பர். உண்மையில் காலை 10 மணிக்கு மேல் பிற்பகல் 3 மணிக்குள் வரும் வெயிலே இதற்குப் பயன்படுவது. முகமும் கைகளும் படும்படி நாள்தோறும் 20 நிமிடம் இருத்தல் நன்று. கோடையில் இதனைக் குறைத்துக்கொள்க. வெயில் மட்டும் போதாதவர்கள் மருத்துவரைக் கேட்டு மருந்து பெறுதல் வேண்டும்.

சுமை தாங்கும் எலும்பே வலுப்பெறும். ஆதலின் நாள்தோறும் அரைமணி நேரம் நடத்தல், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுதல், சுவரைப் பிடித்தவாறு ஒற்றைக் காலில் சிறிது நேரம் நிற்றல் ஆகியன நற்பயிற்சிகள். முன்னரே கூன் கண்டவர்கள் இடுப்பை வளைத்துக் குடம் தூக்கலாகாது.

விழாமற் காத்தல்

நலிந்த எலும்பை முறிப்பது பெரும்பாலும் வீட்டிற்குள் நேரும் சிறு வீழ்ச்சியே. பாசி படிந்த குளியற்கல், இருளில் கழிப்பறைக்குச் செல்லும் வழி, உயர்ந்த வாயிற்படி, நடையில் கிடக்கும் ஆட்டுக் கயிறு, தேய்ந்த செருப்பு, கவனியாது விட்ட கண்புரை ஆகிய இவையே காரணங்கள். கல்லைத் தேய்த்துக் கழுவுதல், ஒரு விளக்கு, கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, கண் பரிசோதனை ஆகிய நான்கும் பல முறிவுகளைத் தடுக்கும்.

தப்பித் தவறித் தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்துவிட்டால் கட்டுப் போடுவோரிடம் சென்று நாட்களைக் கடத்துதல் கூடாது. இரண்டொரு நாட்களுக்குள் அறுவை செய்யப்பெற்றவர்கள் மீண்டும் நடக்க வாய்ப்பு மிகுதி. படுக்கையில் கிடப்பவர்களைப் புண்ணும் நுரையீரல் நோயும் பற்றும். ஓராண்டிற்குள் ஐவரில் ஒருவர் இறத்தலும் கூடும் என்பர் மருத்துவர். 108 ஊர்தியை அழைத்து, அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்க. அரியலூரில் 2022-ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளமை நம் வட்டாரத்தார்க்கு நல்வாய்ப்பாகும்.

ஊராட்சியின் கடமை

ஒவ்வொரு சிற்றூரிலும் 60 வயது கடந்த பெண்களிடம் சில வினாக்களைக் கேட்டல் வேண்டும். 45 வயதிற்கு முன் மாதவிடாய் நின்றதா? சிறு வீழ்ச்சியில் எலும்பு முறிந்ததுண்டா? உயரம் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்ததா? தாய்க்கு இடுப்பு முறிந்ததுண்டா? ஸ்டீராய்டு மருந்து நெடுநாள் உட்கொண்டாரா? ஒன்றிற்கேனும் ‘ஆம்’ என்போரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புக. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா சோதனை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். முறிவைத் தடுக்கும் நல்ல மருந்துகள் இன்று உள்ளன. அவற்றை அவர் சொற்படியே உட்கொள்ளுதல் வேண்டும்.

குளத்துப் படித்துறையில் கைப்பிடி, பொதுக் குழாயடியில் வழுக்காத தளம், தெருவிளக்கு, ஊராட்சி நிலத்தில் முருங்கையும் அகத்தியும் ஆகியவற்றை அமைத்தல் ஊராட்சியால் இயலும். அக்டோபர் 2-இல் கிராம சபை கூடுகிறது. அக்டோபர் 20 உலக எலும்புப்புரை நாள். அச்சபையில் இப்பொருளை எடுத்துப் பேசி, அடுத்த பதினெட்டு நாட்களுக்குள் மேற்கூறிய கணக்கெடுப்பை முடித்துவிடலாம்.

இளமையில் சேர்த்த எலும்பே முதுமையில் செலவாகும் சேமிப்பு. ஆதலின் பள்ளி செல்லும் பெண் குழந்தைகளுக்கும் இவ்வுணவைத் தருதல் வேண்டும். நாற்று நட்டும் களை பறித்தும் நம்மை வளர்த்தவர்கள் இம்மூதாட்டியர். அவர்கள் தம் இறுதி நாள் வரை பிறர் கையை எதிர்பாராமல் நிமிர்ந்து நடக்கச் செய்வது கிராம வளர்ச்சிப் பணியின் ஒரு பகுதியே எனக் கொண்டு நாம் இதில் முனைவோமாக.