ஓடுகிற டிவிடியை நம்பலாமா?

கேள்வி: திருமண வீடியோவை டிவிடியில் பதிந்து வைத்திருக்கிறேன். இப்போது நன்றாக ஓடுகிறது. அது கெட்டுவருகிறதா என்று மென்பொருள் கொண்டு முன்கூட்டியே அறிய முடியுமா?

பதில்: முடியும். தடங்கலின்றி ஓடுவதை மட்டும் நம்பாதீர்கள். எல்லா டிவிடியிலும் பிழைகள் உண்டு. டிரைவ் அவற்றைத் திருத்திக்கொண்டே படிக்கிறது. பிழைகள் திருத்தும் திறனை மீறும்போதுதான் படம் உறைந்து நிற்கும். அந்த எல்லையை உங்கள் தட்டு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதைச் சோதனை காட்டும்.

நீரோ டிஸ்க்ஸ்பீடு, ஆப்டி டிரைவ் கன்ட்ரோல் போன்ற மென்பொருள்களில் இந்தத் தரச்சோதனை இருக்கிறது. பிஐஇ என்ற பிழை எண்ணிக்கை அடுத்தடுத்த 8 பிழைதிருத்தத் தொகுதிகளுக்கு 280ஐத் தாண்டக்கூடாது. டிரைவின் முதல் கட்டத் திருத்தத்துக்கு அடங்காத பிழைகளான பிஐஎஃப், ஒரு தொகுதிக்கு 4க்குள் இருக்க வேண்டும். ஆனால் மென்பொருள் தரும் மொத்த மதிப்பெண்ணைவிட, அது வரையும் பிழை வரைபடத்தின் போக்கே முக்கியம் என்பேன். வெளிவிளிம்பை நெருங்கும்போது கோடு செங்குத்தாக எழுந்தால் கவலைப்பட வேண்டியதுதான்.

எல்லா டிரைவும் இந்த எண்களைத் தராது. லைட்-ஆன் நிறுவன டிரைவுகளில் பல தரும். டிரைவுக்கு டிரைவ் எண்கள் மாறும் என்பதால், ஒரே டிரைவில் ஒரே வேகத்தில் ஆண்டுதோறும் சோதித்து ஒப்பிடுங்கள். உங்கள் டிரைவ் தராவிட்டால் படிக்கும் வேகத்தைச் சோதியுங்கள். வேகம் அடிக்கடி சரிந்தால் அதுவும் எச்சரிக்கையே.

எண்கள் நன்றாக இருந்தாலும், இந்த வாரமே வீடியோவை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.