ஆங்கிலச் சொல் அறிவோம்: ஓப்பன்லி

நம் பிள்ளைகள் அடிக்கடி குழம்பும் சொல் 'ஓப்பன்லி'. 'ஓப்பன்' என்றால் திறந்திருப்பது. கதவுக்கும் கடைக்கும் பொருந்தும். அதனோடு 'லி' சேர்ந்தால் வினையடை: மறைக்காமல், மனம் திறந்து. 'ஷீ ஸ்போக் ஓப்பன்லி' என்றால் அவள் எதையும் ஒளிக்காமல் பேசினாள். 'தி டோர் இஸ் ஓப்பன்லி' என்பது பிழை. அங்கே 'ஓப்பன்' போதும்.

'பப்ளிக்லி' வேறு. பலர் அறிய, சபையில் என்று பொருள். தமிழில் இரண்டையுமே 'வெளிப்படையாக' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மூடிய அறையில் இருவர் 'ஓப்பன்லி' பேசலாம். 'பப்ளிக்லி' பேச முடியாது.

கல்வி உதவி கேட்டு வரும் குடும்பங்களுக்கும் இதையே சொல்கிறோம்: வீட்டு நிலையை எங்களிடம் 'ஓப்பன்லி' சொல்லுங்கள். உங்கள் பெயரை ஒருபோதும் 'பப்ளிக்லி' சொல்ல மாட்டோம், இன்ஷா அல்லாஹ்.