பூக்க விடாத மலையில் பூப் பார்க்கப் போவோருக்கு

ஹட்டனில் ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணில் படும் பச்சையெல்லாம் பூக்க விடாத பச்சை. வாரத்துக்கு வாரம் கொழுந்து பறித்து, சில வருடங்களுக்கொரு முறை கவ்வாத்தும் வெட்டினால் எந்தச் செடிக்குத்தான் பூக்கத் தோன்றும்? ஆள் போகாமல் காடாகிவிட்ட மலை ஏதாவது வழியில் இருந்தால் வண்டியை நிறுத்துங்கள். இலைக்குக் கீழே தலை கவிழ்ந்த வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தக் கற்றை. தேயிலைப் பூ அதுதான். தன் மகரந்தத்தை அது அநேகமாக ஏற்பதில்லை. பக்கத்துச் செடியினுடையதைப் பூச்சி சுமந்துவர வேண்டும். அதனால்தான் பழைய விதைத் தேயிலை மலையில் ஒரு செடியைப் போல இன்னொரு செடி இராது. தண்டு வெட்டி வளர்த்த வீ.பி. மலையிலோ எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

மற்றபடி, பூப் பார்க்கக் காட்டு ஓரத்துக்குத்தான் போக வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில் சுமார் 10 கிலோமீட்டர் போனால் ஹக்கல பூங்கா. 1861இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய இடம். எல்லாரும் ரோசாவுக்குப் போவார்கள். நீங்கள் மரப்பன்னம் நிற்கும் நிழலுக்குப் போங்கள். பூவும் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடியில் தூளாக ஒட்டியிருக்கும் வித்திகளே அதன் குடும்பம். காதோரம் மஞ்சள் கற்றை வைத்த ஒரு சின்னான் அங்கே அடிக்கடி கத்தும். இலங்கையில் மட்டும் உள்ள பறவை அது. பழத்தைத் தின்றுவிட்டு விதையைக் காடெங்கும் போட்டுத் திரிகிறது.

ஹோட்டன் சமவெளி வாசலில் காலை ஆறு மணிக்கே நில்லுங்கள். ‘உலக முடிவு’ என்னும் மலை விளிம்பைப் பனிமூட்டம் மூடுமுன் பார்க்க எல்லாரும் ஓடுவார்கள், ஓடட்டும். சுமார் 9 கிலோமீட்டர் சுற்றுப் பாதையில் திரும்பி வரும் பாதியைத்தான் மெதுவாக நடக்க வேண்டும். புல்வெளியில் முறுக்கிக்கொண்டு நிற்பது மகா ரத்மல், இலங்கைக்கே உரிய ரோடோடென்ட்ரன். பூத்திருந்தால் சிவப்பு கண்ணைப் பறிக்கும். தேனீயின் கண்ணுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்தப் பூ கூப்பிடுவது பறவையை. மரத்தடியில் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் வெள்ளைக்கண்ணிக் குருவிகள் வந்தாலும் வரும். காட்டுக்குள் நுழைந்ததும் கதை மாறுகிறது. கீன மரத்தின் பூ வெள்ளை, வாசனை உள்ளது, மஞ்சள் கேசரம் நிறைந்தது. அந்த விருந்து பூச்சிகளுக்கு.

அந்த மரங்களுக்கு அடியில் புதராக நிற்பது நெலு, நம் குறிஞ்சியின் உறவு. பல வருடம் சும்மா இருந்துவிட்டு எல்லாச் செடியும் ஒன்றாகப் பூக்கும். விதை கொட்டியதும் ஒன்றாகச் செத்துவிடும். 2013இல் ஹோட்டன் சமவெளியே ஊதாவாயிற்று. விதை விழுந்தால் காட்டுக்கோழிக்குக் கொண்டாட்டம். ஆனால் அத்தனையையும் தின்று தீர்க்க எந்தக் கோழியாலும் முடியாது. ஒரே நேரத்தில் பூப்பதன் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது.

பூ உள்ள இடத்தில் பெருந்தேனீயும் இருக்கும். தோட்டத்தில் ‘குளவிக் கொட்டு’ என்று செய்தியில் வருவதில் பல வேளை கொட்டுவது இதுவே. டர்பன்டைன் மரத்தில் கறுப்புத் தட்டுப்போல் கூடு தொங்கினால் தள்ளிப் போங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம், கல்லெறிய வேண்டாம். துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், கையை வீசாதீர்கள்.

டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைப் பருவம். நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறுகிறவர்கள் காட்டைப் பார்ப்பதில்லை. பகலில் இறங்கும்போது பாருங்கள். மலையைச் சூழ்ந்த காட்டில் ஸ்டெமோனோபோரஸ் மரங்கள் உண்டு. இந்தப் பேரினம் முழுவதும் இலங்கைக்கே சொந்தம். இதன் உறவு மரங்கள் பலவற்றின் காய்கள் இறக்கை கட்டிச் சுழன்று போகும். இதன் காய்க்கு இறக்கை கிடையாது. தாய் மரத்தடியிலேயே பொத்தென்று விழும். குனிந்து தேடுவதானால் காலுறைக்கு மேல் சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள், அட்டை அங்கேதான் காத்திருக்கும்.